வாசகர்கள் கேட்ட முடிவு

நீங்கள் கொடுத்திருக்கும் தாள் நல்ல தாள். மை பரவவில்லை, மறுபக்கம் தெரியவும் இல்லை. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் இவ்வளவு நல்ல தாளை நான் பார்த்ததில்லை. நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள், நீட்டி முழக்காமல் எழுதச் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்ததும் அதைத்தான். ஆகவே எனக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

நான் வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். அலுவலகத்தில் என்னைக் கத்திரி என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை, ஆனால் காதில் விழும்படி சொல்வார்கள். வருகிற கதை, கட்டுரை, தொடர் எல்லாவற்றையும் வெட்டித் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. எழுத்தாளர்களுக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பதும் என் வேலைதான். எங்கள் அலுவலகத்தில் எழுதுகிறவர்களின் முகவரியை யாருக்கும் தருவதில்லை. எல்லாக் கடிதமும் என் மேசைக்கு வரும். நான் உறையைக் கிழித்துப் படித்து, அச்சில் போடத் தக்கதைத் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டாகக் கட்டி எழுதியவரிடம் சேர்ப்பேன். உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வழக்கத்தில்தான் நிற்கிறது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசகர்களைப் பற்றி நீங்கள் உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கடிதங்களைப் படிக்கப் படிக்கத் தெளிந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு பெண் கஷ்டப்பட வேண்டும். ஆனால் அழகாகக் கஷ்டப்பட வேண்டும், அழும்போது அவளுக்கு மூக்கு ஒழுகக் கூடாது. அவள் நல்லவளாக இருக்க வேண்டும், ஏனென்றால் கெட்டவளுக்காக உச்சுக் கொட்டினால் தங்களை மெச்சிக்கொள்ள முடியாது. சொந்தத் தங்கை வாசலில் வந்து நின்றால் கதவைப் பாதி திறந்து பேசுகிற மனிதர், பத்திரிகையில் வருகிற தங்கைக்காக நாலு பக்கம் கண்ணீரில் நனைத்து அனுப்புவார். உயர்ந்த இலக்கியம் மட்டும்தான் படிப்பேன் என்று மேடையில் கழுத்தை நிமிர்த்துகிறவர்களும் இதே பசிக்காரர்கள்தான். அவர்கள் கையில் இருப்பது வெள்ளிக் கரண்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்களுக்குச் சமைத்துப் போடுவது என் தொழிலாக இருந்தது. சமைக்கிறவனுக்கு அந்தச் சாப்பாட்டில் ஆசை இருக்காது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் எங்களுக்கு எழுத ஆரம்பித்தது போன வருடம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஐம்பது வயதுக்குள் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு நாலு மணி நேரம் படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அறையும் சமையலறையுமான வீட்டில் தனியாக இருந்தார். அந்த அனுபவத்தைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். எழுத்து சுத்தமாக இருந்தது. 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று நான் தலைப்பு வைத்தேன். அவர் பெயரைப் போட வேண்டாம் என்றார், 'கணக்கு டீச்சர்' என்று போட்டோம்.

எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடி. அவரால் படி ஏற முடியாது. ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் நானே அவர் வீட்டுக்குப் போய், வந்த கடிதங்களைக் கொடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்தை வாங்கி வருவேன். முதல் செவ்வாய்க்கிழமையே அவர் எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கு ஓர் அக்கா. இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அம்மாவைக் கடைசிவரை அக்காதான் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அம்மா இறந்தபோது இவர் பள்ளியில் பரீட்சையை முடித்துவிட்டுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். எல்லார் முன்னாலும் அக்கா, விருந்தாளி வந்தாச்சு, நாற்காலி போடுங்க என்று சொல்லிவிட்டாள். அன்று திரும்பியவர்தான். வீடு மாறினார், ஊரும் மாறினார், முகவரி கொடுக்கவில்லை.

"கிட்னி குடுக்கக் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு டாக்டர் கேட்டார். இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார் டீச்சர். "நானா போய்க் கேக்க மாட்டேன். அவ இந்தப் பத்திரிகைய விடாம படிப்பா. படிச்சா அவளுக்குத் தெரிஞ்சிடும். வரணும்னு இருந்தா வரட்டும்."

ஆக, அந்தத் தொடர் ஒரே ஒரு வாசகிக்காக எழுதப்பட்டது. மற்ற லட்சம் பேரும் அடுத்த வீட்டுக் கடிதத்தை எட்டிப் பார்த்தவர்கள். இதை அவர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேடிக்கையாக எழுதுவார். ஆஸ்பத்திரி இயந்திரத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். வாரம் மூன்று நாள் ரத்தத்தை உறிஞ்சிவிட்டு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொள்கிறது என்று ஓர் அத்தியாயத்தில் எழுதினார். எனக்கே சிரிப்பு வந்தது. வெட்டிவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஊசி குத்தும் நர்ஸுக்கு மார்க் போட்ட கதையையும் வெட்டினேன். நோயாளி சிரித்தால் வாசகர் ஏமாந்துபோவார். ஒரே ஒரு முறை, எட்டாவது வாரம், டீச்சர் கெஞ்சினாரே என்று சிரிப்பான அத்தியாயத்தை முழுசாக விட்டுப் பார்த்தேன். கடிதம் பாதியாகக் குறைந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்தம்மா தேறிட்டாங்களா என்ன, தேறிட்டா தொடர் என்னய்யா ஆகும் என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பழியை அவர்மேல் போட நான் இதை எழுதவில்லை. கேட்டார் என்பதை எழுதுகிறேன்.

பதினோராவது வாரம் அக்காவின் முதல் கடிதம் வந்தது.

அதற்கு முந்தைய வாரம் டீச்சர், அம்மா ஒரே சீப்பால் இருவருக்கும் தலை வாரிவிட்டதையும், அக்கா முடியில் சிக்கிய சீப்பை அப்படியே விட்டுவிட்டு அம்மா பால் பொங்கியதைப் பார்க்க ஓடியதையும் எழுதியிருந்தார். அக்கா அதைப் படித்து அடையாளம் கண்டுவிட்டாள். கடிதம் ஒரே பக்கம்தான். தனக்குத் தெரியாமல் போய்விட்டது, நேற்றே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன், இரண்டு பேருக்கும் ஒரே வகை, நான் கொடுக்கலாம் என்று இங்கே டாக்டர் சொல்கிறார், நீ எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது, பெட்டி கட்டி வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். பரிசோதனைத் தாளின் நகலும் உள்ளே இருந்தது.

நான் அதைக் கிழித்துப் போடவில்லை. அப்படிச் செய்கிறவன் மிருகம். என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் வைத்தேன். பதினோராவது வாரத்தில் ஒரு தொடருக்கு முடிவு வந்தால் அது தொடரா. பொறுத்து வந்தால்தான் எதற்கும் சுவை. இன்னும் ஒன்பது வாரம் போகட்டும், இருபதாவது அத்தியாயத்தில் அக்காவைக் கொண்டுவரலாம், கதைக்கு நல்ல திருப்பமாக இருக்கும், டீச்சருக்கும் ஆயுசுக்கும் மறக்காத சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். நன்மை செய்வதையும் நேரம் பார்த்துத்தானே செய்ய வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சர் கடிதக் கட்டைக் கையில் வாங்கியதும், வழக்கம்போல, அக்காகிட்ட இருந்து ஏதாவது வந்துச்சா என்று கேட்டார். இந்தக் கட்டில் இருப்பது இவ்வளவுதான் என்றேன். அது உண்மை. இந்த விஷயத்தில் நான் எவரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பத்து நாள் கழித்து அக்கா அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். எடுத்தவன் நான். முகவரி கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை, வருகிற கடிதங்களை முறைப்படி சேர்க்கிறோம், பதில் எழுதுவது அவர்கள் விருப்பம் என்றேன். இதிலும் பொய் இல்லை. அக்கா, இன்னும் கோபம் போகல போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டாள். நான் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பதினேழாவது வாரம் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தில் இருந்த அவசரம் இதில் இல்லை, எழுத்தில் நிதானம் கூடியிருந்தது. நாற்காலி விஷயத்தை அக்கா அதில் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அம்மா உன் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் உயிரை விட்டாள், பக்கத்திலேயே கிடந்த என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அந்த வயிற்றெரிச்சலில் பேசிவிட்டேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி. அதை அப்படியே எழுதுகிறேன்: 'உனக்கு என்மேல கோபம் இருந்தா இருக்கட்டும், என் கிட்னிக்கு உன்மேல ஒரு கோபமும் இல்லை.'

அந்த வரியைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வரி என் மேசைக்கு வந்ததில்லை. பேர்பெற்ற எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் வெள்ளைத் தாளை வீணடித்து என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இது வராது. பள்ளிக்கூடத்தைத் தாண்டாத ஒரு பெண்பிள்ளை போகிற போக்கில் எழுதிவிட்டாள்.

இருபதாவது வாரம் நான் சொன்னபடி அக்காவைக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆற அமர யோசித்தேன். கடைசி நேரத்தில் பிரிந்துபோன அக்கா வந்து உயிர் கொடுத்துக் காப்பாற்றினாள் என்பது மட்டமான முடிவு. அப்படி முடிந்த கதைகளைப் பத்துப் பதினைந்து முறை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாசகர்களும் அந்தச் சமயத்தில் பயந்துபோய் எழுத ஆரம்பித்திருந்தார்கள். டீச்சருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை, அடுத்த இதழ் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். பயப்படுகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். எதற்கு நீட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு பெண்மணி, முடிவு எப்படி இருந்தாலும் தாங்கிக்கொள்வோம், உண்மையாக இருந்தால் போதும் என்று எழுதினாள். கை கூசாமல் எழுதினாள். அவளைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

டீச்சருக்கு உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போக ஆரம்பித்தது. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. இருபத்திமூன்றாவது வாரம், "பொண்டாட்டி புருஷன் சண்டைன்னா கோர்ட்டுக்குப் போகலாம் சார். அக்கா தங்கச்சி சண்டைக்கு எங்க போறது" என்று என்னைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் அத்தியாயத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மூன்றாவது கடிதம் வந்தது. இதில் கேள்வியே இல்லை. தினமும் காலையில் நடக்கிறேன், உனக்குக் கொடுக்கிற சரக்கு கெட்டுப்போகக் கூடாது என்று உப்பைக் குறைத்துவிட்டேன், வீட்டில் என் சமையலை வாயில் வைக்க முடியவில்லை என்று எல்லாரும் உன்னைத்தான் திட்டுகிறார்கள், நீயும் பதிலுக்குத் திட்டியாவது நாலு வரி எழுது என்று இருந்தது. மூன்று கடிதத்திலும் இதுதான் சிறந்தது.

இருபத்தொன்பதாவது வாரம், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யக் குழாய் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் போய்விட்டார். காய்ச்சல் யாருக்கும் வரலாம், மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களுக்கும் வரும். நீங்கள் விசாரித்தபோது டாக்டர் என்ன சொன்னார் என்பதைப் படித்துக் காட்டினீர்கள். நாலு மாதம் முன்னால் அக்கா வந்திருந்தால் அந்தக் குழாய்க்கே வேலை இருந்திருக்காது என்று சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் எப்போதும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள். நான் மறுக்கவில்லை.

தொடரை அப்படியே அந்தரத்தில் விட முடியாது. டீச்சர் விட்டுச் சென்ற கடைசி அத்தியாயம் என்று போட்டு, முப்பதாவது வாரத்தை நானே எழுதினேன். அவர் நடை எனக்குக் கைவந்திருந்தது. வேடிக்கை இல்லாத அவர் நடை, அதாவது நான் வெட்டி உண்டாக்கிய நடை. சாகும் தறுவாயில் அவர் அக்காவை நினைத்துக்கொள்கிறார், அக்கா பக்கத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறார். அந்த இடத்தில் என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை. எத்தனையோ எழுதி அடித்தேன். எல்லாம் அந்த வரிக்கு முன்னால் பல்லிளித்தது. கடைசியில் அந்த வரியையே போட்டேன். எங்கள் பத்திரிகை வழக்கப்படி கிட்னி என்பதைச் சிறுநீரகம் என்று மாற்றினேன். அந்த வரியை அச்சில் போட்டது என் தொழிலில் இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். ஒரு திருடன் நகையை உருக்கிவிடுவான். நாங்கள் நல்ல வரியை உருக்க மாட்டோம், ஊரே பார்க்கும்படி மாட்டி வைப்போம்.

ஊரும் பார்த்தது. நாலு மூட்டைக் கடிதம் வந்தது. எல்லாரும் அந்த வரியைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். டீச்சர் போன துக்கத்தில் இருந்த ஒரே வாரத்துக்குள், அடுத்து என்ன தொடர், இதே மாதிரி உண்மைக் கதையாகப் போடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு.

முப்பத்தோராவது வாரம் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. அந்த இதழை என் மேசையில் விரித்து, வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இத யார் எழுதினது?"

"டீச்சர்தாம்மா" என்றேன். இப்போது பார்க்கிறேன், அது பொய்தான். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று மேலே எழுதியதை நீங்கள் அடித்துக்கொள்ளலாம்.

"இது நான் எழுதின வரி. என் லெட்டர் அவ கைக்குப் போயிருந்தா அவ பதில் போடாம இருந்திருக்க மாட்டா. திட்டியாவது போட்டிருப்பா. அப்போ இத யார் படிச்சாங்க?"

அவள் கத்தவில்லை, என் சட்டையைப் பிடிக்கவில்லை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுவலகத்தில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு நல்ல தீனி.

"அவ என்னைக் கேட்டாளா?" என்றாள்.

"ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்டாங்க."

அதன்பிறகு அவள் அழுததை உங்களுக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவள் தெரிந்துகொள்ள வந்தது அதுதான், அது கிடைத்தது. அங்கிருந்து நேரே உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள். என்னை எந்தச் சட்டப்பிரிவில் சேர்ப்பது என்று நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், வெறும் கடிதத்தை மறைத்தவன் என்று எழுதுவது வார்த்தை விரயம். தெரிந்தே சாக விட்டேன் என்று எழுதுங்கள். அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் என்ற கேள்வியில்தான் நீங்கள் நேற்றிலிருந்து நிற்கிறீர்கள். வாசகர்களுக்காக என்றேன், பத்திரிகைக்காக என்றேன். நீங்கள் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். மூன்று கடிதத்தையும் ஏன் பத்திரமாக வைத்திருந்தாய், கிழித்துப் போட்டிருந்தால் தப்பித்திருப்பாயே என்கிறீர்கள். அதற்குப் பதில் சுலபம். எல்லாரும் மத்தியானம் சாப்பிடப் போனதும் இழுப்பறையைத் திறந்து, மூன்றையும் வரிசையாக எடுத்துப் படிப்பேன். ஒரு நாளும் விட்டதில்லை. படிக்கும்போது அந்தப் பெண் எனக்குத்தான் எழுதுகிறாள் என்று இருக்கும். கொடுத்திருந்தால் அக்காவும் தங்கையும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடந்து நேரில் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். நாலாவது கடிதம் எனக்கு எப்படி வந்திருக்கும்?